மண்ணிடம் கற்ற வேதியியலாளர்

உரக்கடையில் அடுக்கப்பட்டிருக்கும் மூட்டைகளின்மேல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் அம்மூட்டையில் நூற்றுக்கு எவ்வளவு உள்ளன என்பதை அவ்வெண்கள் கூறும். பயிருக்குரிய உணவை இவ்வாறு எடையிட்டு எழுத இயலும் என்னும் எண்ணம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உழவர்களிடம் இல்லை. அறிஞர்களுள்ளும் மிகச் சிலரிடமே இருந்தது. அதனை உலகறியச் செய்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஜஸ்டஸ் வான் லீபிக். மண்ணைப் பற்றி அவர் கூறியவற்றுள் பெரும்பகுதி நிலைத்தது. ஒரு பகுதி பொய்த்தது. பொய்த்ததை அவர் ஏற்றுக்கொள்ளப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாயின.

கடைவீதியில் கண்ட வேதியியல்

லீபிக் 1803ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். ஹெசன் என்னும் சிறிய ஜெர்மானிய அரசின் தலைநகர் அது. தந்தை மருந்துச் சரக்குகளும் வண்ணப்பொருள்களும் விற்கும் வணிகர். விற்பனைக்குரிய மெருகுநெய்களையும் வண்ணங்களையும் அவரே காய்ச்சியும் அரைத்தும் செய்துகொண்டார். மகனுக்கு வேதியியலின் முதற்பாடம் அந்தப் பட்டறையில்தான் தொடங்கியது. வேண்டிய செய்முறைகளைத் தேடி அரண்மனை நூலகத்திலிருந்து நூல்களை இரவல் வாங்கிவரும் பணி சிறுவன் லீபிக்குக்கு உரியதாயிற்று. அங்கிருந்த வேதியியல் நூல்களை அவன் அடுக்கியிருந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தான். எளியது எது, அரியது எது என்று பிரித்துக் காட்ட எவரும் இல்லை.

சந்தையில் ஒருநாள், வெடிக்கும் விளையாட்டுப் பொருள்களை விற்ற வணிகன் ஒருவன் வெள்ளியையும் நைட்ரிக் அமிலத்தையும் சாராயத்தையும் கொண்டு வெடியுப்புச் செய்வதை அவன் பார்த்தான். புகையின் நிறத்தாலும் மணத்தாலும் கலவையின் பொருள்களை உணர்ந்துகொண்டு, வீடு திரும்பியதும் தானே அவ்வுப்பைச் செய்தான். பள்ளிப்பாடமோ அவனுக்கு ஏறவில்லை. செவியால் கேட்டு மனப்பாடம் செய்யும் முறையில் அவன் பின்தங்கினான். எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய் என்று ஆசிரியர் கடிந்து கேட்டபோது, வேதியியலாளன் ஆவேன் என்று விடை கூறினான். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியரும் சிரித்தார். அக்காலத்தில் அப்படியொரு தொழிலே இருப்பதாக எவரும் எண்ணவில்லை.

அவனுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த 1816ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கோடை வரவே இல்லை. முந்திய ஆண்டு இந்தோனேசியத் தீவொன்றில் வெடித்த தம்போரா எரிமலையின் நுண்துகள்கள் வானில் பரவிக் கதிரவன் ஒளியை மறைத்தன. ஜெர்மனியில் பயிர்கள் விளையாது போயின. தானிய விலை ஏறிற்று. மக்கள் பசியால் வாடினர். நிலம் விளையாவிட்டால் நாடு என்னாகும் என்பதை அத்தலைமுறையினர் நூல்களில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்ற லீபிக், பத்து மாதங்களில் வீடு திரும்பினார். பின்னர்ப் போன் பல்கலைக்கழகத்திலும், பேராசிரியர் காஸ்ட்னரைப் பின்தொடர்ந்து எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். தாதுக்களைப் பகுத்தாயக் கற்றுத்தருவதாகக் காஸ்ட்னர் சொல்லியிருந்தார். ஆனால், அக்கலை அவருக்கே கைவரவில்லை. ஆய்வின்றி இயற்கையைச் சிந்தனையாலேயே விளக்கிவிட முயன்ற மெய்யியல் சொற்பொழிவுகளில் தம் இளமைக் காலத்தை வீணாக்கியதாக லீபிக் பின்னாளில் வருந்தினார். உண்மையான வேதியியலைக் கற்க வேண்டுமாயின் பாரிஸ் நகரத்திற்கே செல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஹெசன் அரசர் அளித்த உதவித்தொகையுடன் 1822ஆம் ஆண்டு அவர் பாரிஸ் சென்றடைந்தார்.

அங்கே அவர் வெடியுப்புகளைப் பற்றி அறிவியல் கழகத்தில் அளித்த ஆய்வுரை, புகழ்பெற்ற அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்டின் கவனத்தை ஈர்த்தது. அவருடைய பரிந்துரையால் கே-லூசக்கின் தனி ஆய்வுக்கூடத்தில் லீபிக்குக்கு இடம் கிடைத்தது. ஆய்வொன்று வெற்றி பெற்றால் கே-லூசக் மகிழ்ச்சி தாளாமல் மாணவரையும் இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடனமாடுவாராம். அந்தக் கூடத்தில்தான் எடையின் துல்லியத்தை லீபிக் கற்றார்.

கீசன் ஆய்வுக்கூடம்

1824ஆம் ஆண்டு, இருபத்தொரு வயதில், கீசன் என்னும் சிற்றூரின் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். ஹம்போல்ட்டின் பரிந்துரையை ஏற்று அரசு நேரடியாகப் பிறப்பித்த ஆணை அது, பல்கலைக்கழகத்தாரைக் கலந்துகொள்ளவில்லை. ஆகவே, அங்கிருந்த மூத்த பேராசிரியர்கள் அவரை மனமுவந்து வரவேற்கவில்லை. படைவீரர்கள் காலிசெய்துவிட்டுப் போன பாசறையின் காவற்கூடமே ஆய்வுக்கூடமாயிற்று. ஊதியம் குறைவு; கருவிகள் வாங்கக் கைப்பொருளையும் செலவிட்டார்.

ஆனால், அச்சிறிய கூடத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுவரை மாணவர்கள் ஆசிரியர் செய்துகாட்டும் ஆய்வை இருக்கையில் அமர்ந்து பார்த்தனர். லீபிக் அவர்கள் கையிலேயே குடுவையைக் கொடுத்தார். முதலில் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பகுத்தாய வேண்டும். அதில் தேறியபின், விடை எவருக்கும் தெரியாத வினா ஒன்றைத் தனியே ஆராய வேண்டும். நாள்தோறும் காலையில் ஒவ்வொருவரும் முன்னாள் செய்ததைக் கூறுவர். அவர் குறை நிறைகளை எடுத்துரைப்பார். இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆய்வுக்கூடக் கல்வி, பெரும்பாலும் அந்தக் காவற்கூடத்திலிருந்து பரவியது. ஹாப்மன், கெக்குலே, பிரெசீனியஸ், எர்லன்மேயர் என்று வேதியியல் நூல்களில் மாணவர்கள் காணும் பெயர்கள் பலவும் அவருடைய மாணாக்கர்களின் பெயர்களே.

1831ஆம் ஆண்டு அவர் உருவாக்கிய கண்ணாடிக் கருவி அக்கூடத்தின் அடையாளமாயிற்று. முக்கோணமாக வளைந்த குழாயில் ஐந்து குமிழ்கள். அவற்றில் பொட்டாஷ் கரைசல். கரிமப்பொருளை எரித்து வரும் கரியமில வாயு அக்கரைசலில் அடைபட்டுவிடும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், பொருளில் இருந்த கரியின் அளவு தெரிந்துவிடும். தேர்ந்த அறிஞர்கள் வாரக்கணக்கில் செய்த பகுப்பாய்வை இளம் மாணவர் ஒருவர் ஒரே நாளில் செய்து முடிக்கலானார். தாவரம் எதனால் ஆனது என்னும் கேள்விக்குத் தராசின் வாயிலாக விடை காணும் வழி இவ்வாறு திறந்தது.

மட்குக் கொள்கையும் மறுப்பும்

1837ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தில் லீபிக் கலந்துகொண்டார். கரிம வேதியியலின் நிலை குறித்து அறிக்கை ஒன்று எழுதித் தருமாறு அச்சங்கம் வேண்டியது. அந்த வேண்டுகோளின் விளைவாக 1840இல் வெளிவந்த நூல், கரிம வேதியியலை உழவுக்கும் உடலியலுக்கும் பொருத்திக் காட்டியது. எழுதியவர் ஏர் பிடித்தவர் அல்லர். ஆயினும், அந்நூல் ஐரோப்பிய உழவர்களின் நம்பிக்கைகளை அடியோடு அசைத்தது.

அக்காலத்தில் ஆல்பிரெக்ட் தேயர் என்னும் அறிஞர் பரப்பிய மட்குக் கொள்கையே செல்வாக்குப் பெற்றிருந்தது. இலையும் தழையும் சாணமும் மட்கிக் கருநிறப் பொருளாகின்றன. பயிர் அந்த மட்கையே வேரால் உண்டு வளர்கிறது என்பது அக்கொள்கை. உழவரின் அனுபவத்தோடு அது பொருந்தியிருந்தது. எரு இட்ட நிலம் விளைவதை எவரும் கண்ணால் காணலாம் அன்றோ?

லீபிக் கணக்குப் போட்டார். காட்டில் எவரும் எரு இடுவதில்லை. ஆண்டுதோறும் மரங்கள் வெட்டப்பட்டு, அவற்றோடு பெருமளவு கரி வெளியேறுகிறது. மட்கே மரத்தின் உணவாயின், காட்டுமண்ணில் அது குறைந்துகொண்டே வர வேண்டும். மாறாக, அது கூடுகிறது. மேலும், மட்கு நீரில் கரைவதே அரிது. வேர் அதனை எவ்வாறு உறிஞ்சும்? உலகில் முதன்முதல் முளைத்த செடிக்கு மட்கு எங்கிருந்து வந்தது? செடியின் கரி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து செடி எடுத்துக்கொள்வன, அதனை எரித்தால் சாம்பலில் எஞ்சும் உப்புகளே என்று அவர் நிறுவினார்.

காற்றின் பங்கை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். தாது உப்புகளின் தேவையைக் கார்ல் ஸ்பிரெங்கல் என்னும் ஜெர்மானியர் 1820களிலேயே எழுதியிருந்தார். பயிருக்கு வேண்டிய சத்துகளுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலை வரையறுக்கும் என்னும் குறைம விதியும் முதலில் அவருடையதே. லீபிக்கின் பெயரால் அது வழங்கி வருவது ஸ்பிரெங்கலுக்கு நேர்ந்த அநீதிதான். எனினும், அதனைச் சிற்றூர் உழவர் வரை கொண்டு சேர்த்த குரல் லீபிக்குடையது. பல உயரப் பலகைகளால் ஆன மரத்தொட்டியில் மிகக் குட்டையான பலகையின் மட்டத்திற்கே நீர் நிற்கும் என்னும் உவமையைப் பிற்காலத்தார் இவ்விதிக்கு வழங்கினர். சாம்பல்சத்து குறைந்த வயலில் மணிச்சத்தை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

இதிலிருந்து பிறந்ததே மண்ணின் கணக்கு. ஒவ்வோர் அறுவடையும் நிலத்திலிருந்து குறிப்பிட்ட அளவு சத்துகளை எடுத்துச் செல்கிறது. எடுத்ததை எடுத்த அளவுக்குத் திருப்பித் தராவிட்டால் நிலம் ஒருநாள் வறண்டுபோகும். திருப்பித் தரும் பொருள் சாணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எலும்பாகவோ சாம்பலாகவோ ஆலையில் செய்த உப்பாகவோ இருக்கலாம். எலும்புத்தூளைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் அதிலுள்ள மணிச்சத்து எளிதில் கரையும் என்றும் அந்நூல் அறிவுறுத்தியது. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலக்கிழார் இம்முறையில் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் உரிமத்தை 1842இல் பெற்று ஆலையும் நிறுவினார். உலகின் வேதியுரத் தொழில் இவ்வாறு தொடங்கியது.

கரையாத உரம்

புகழ் லீபிக்கைச் சூழ்ந்தது. 1845இல் ஹெசன் அரசு அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் தம் கொள்கையை வயலில் மெய்ப்பிக்க அவர் துணிந்தார். பயிர்களின் சாம்பலைப் பகுத்தாய்ந்து, ஒவ்வொரு பயிருக்கும் ஏற்ற தாது உப்புகளைக் கணக்கிட்டு, காப்புரிமை பெற்ற உரம் ஒன்றை வகுத்தார். லிவர்பூலில் மஸ்பிராட் குடும்பத்தினரின் ஆலை அதனைச் செய்து விற்றது.

அங்குதான் பிழை நேர்ந்தது. சாம்பல்சத்து உப்புகள் நீரில் எளிதில் கரைவன. மழை பெய்தால் அவை கரைந்து, வேரைக் கடந்து, அடிமண்ணுக்கு இறங்கி வீணாகிவிடும் என்று லீபிக் அஞ்சினார். சர்க்கரைக் கரைசலை மணலில் ஊற்றினால் அடியில் சர்க்கரைநீரே வடிவதைப் போல, உப்புநீர் மண்ணினூடே மாறாமல் இறங்கும் என்பது அவர் எண்ணம். ஆகவே, அவ்வுப்புகளைச் சுண்ணாம்போடு சேர்த்து உருக்கி, எளிதில் கரையாதவாறு கெட்டிப்படுத்தினார். எலும்பை அமிலத்தில் ஊறவைத்துக் கரையச் செய்யுங்கள் என்று ஐந்தாண்டுகளுக்கு முன் சொன்னவர், இப்போது தம் உரத்தைக் கரையாததாக ஆக்கினார்.

விளைவு ஏமாற்றமாக இருந்தது. விலை கொடுத்து வாங்கிய ஆங்கில உழவர்கள் அவ்வுரம் மண்ணில் கரையாமல் கிடப்பதைக் கண்டனர். பயிர் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. கீசன் நகருக்கு வெளியே மணற்பாங்கான தரிசு நிலம் ஒன்றை வாங்கி லீபிக் தாமும் சோதித்துப் பார்த்தார். முதலாண்டுகளில் பலன் தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்தே நிலம் மெல்லத் திருந்தியது. உரம் பயனற்றது அன்று, மிகத் தாமதமாகச் செயற்படுகிறது என்பதை அவர் உணர்ந்தார். ஏன் என்பதுதான் புரியவில்லை. கூறிய கொள்கை சரி; இட்ட பொருள்களும் சரி; பயிர் மட்டும் ஏற்க மறுத்தது. பல ஆண்டுகள் இக்குழப்பம் அவரை வாட்டியது.

மற்றொரு முனையிலும் எதிர்ப்பு எழுந்தது. லாஸ் தம் ராத்தம்ஸ்டெட் பண்ணையில், லீபிக்கிடமே பயின்ற ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைத் துணையாகக் கொண்டு, 1843 முதல் கோதுமை வயலொன்றைப் பட்டைகளாகப் பிரித்து ஆராய்ந்து வந்தார். பிராட்பாக் என்பது அவ்வயலின் பெயர். ஒரு பட்டைக்கு உரமே இல்லை, ஒன்றுக்குத் தொழுவுரம், வேறு சிலவற்றுக்குத் தாது உப்புகள், இன்னும் சிலவற்றுக்கு அம்மோனியா உப்பும் சேர்த்து. மழைநீரோடு காற்றிலிருந்து இறங்கும் அம்மோனியாவே பயிருக்குப் போதிய தழைச்சத்தைத் தரும், எனவே தழைச்சத்தை உரமாக இட வேண்டிய தேவை பெரிதும் இல்லை என்று லீபிக் அப்போது எழுதிவந்தார். பிராட்பாக் வயல் வேறு கதை சொன்னது. தாது உப்புகள் மட்டும் பெற்ற கோதுமை, ஒன்றும் பெறாத கோதுமையைவிடச் சற்றே மிகுதியாக விளைந்தது. அம்மோனியா உப்பும் சேர்ந்த பட்டையிலோ விளைச்சல் பெரிதும் உயர்ந்தது.

லீபிக் இதனை எளிதில் ஏற்கவில்லை. சொற்போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தாம் தழைச்சத்தை மறுக்கவே இல்லை என்றும், தம் கருத்தை எதிரிகள் திரித்துவிட்டனர் என்றும் கடுஞ்சொற்களால் எழுதினார். சினம் அவருடைய பெருங்குறை. அறிவியலில் கருத்து வேறுபட்டவரைப் பகைவராகவே நோக்கும் இயல்பு அவருக்கு இருந்தது. உயிர்த்தோழர் வோலர் பலமுறை அவரைத் தணிக்க முயன்றார். 1843இல் வேறொரு பூசலின்போது வோலர் எழுதிய மடல் புகழ்பெற்றது. 1900ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்குமாறு அவர் கூறினார்: அப்போது இருவரும் கரியமில வாயுவாகவும் நீராகவும் அம்மோனியாவாகவும் கரைந்து போயிருப்போம், இருவருடைய சாம்பலும் ஏதேனும் ஒரு நாயின் எலும்பில் சேர்ந்திருக்கும், இருவரும் அமைதியாக வாழ்ந்தோமா சண்டையிட்டோமா என்று அன்று எவர் கேட்கப் போகிறார் என்பது அம்மடலின் சாரம். மண்ணின் சுழற்சியை உலகுக்கு விளக்கியவருக்கு அதே சுழற்சியைக் காட்டி அறிவுரை கூறிய நட்பு அது.

மண் பிடித்துவைக்கும் பொருள்

காப்புரிமை உரம் ஏன் தோற்றது என்பதற்கு விடை யார்க்சயர் மாவட்ட நிலக்கிழார் ஒருவரிடமிருந்து வந்தது. தாம்சன் என்னும் அவர் ஒரு குழாயில் தோட்டமண்ணை நிரப்பி, அம்மோனியம் சல்பேட் கரைசலை மேலிருந்து ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அம்மோனியாவைக் காணோம். அதற்கு ஈடாகச் சுண்ணாம்பின் சல்பேட் வந்திருந்தது. அரச உழவியல் கழகத்தின் வேதியியலாளர் ஜான் தாமஸ் வே இதனை விரிவாக ஆராய்ந்து 1850, 1852ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார். பல்வகை மண்களையும் பல்வகை உப்புகளையும் கொண்டு சோதித்து, ஒழுங்கு ஒன்று இருப்பதை அவர் கண்டார். அம்மோனியா, பொட்டாஷ் போன்ற காரப்பகுதிகளை மண் பிடித்துக்கொள்கிறது. ஈடாகச் சுண்ணாம்பை விடுகிறது. சல்பேட், குளோரைடு, நைட்ரேட் போன்ற அமிலப்பகுதிகளோ தடையின்றி நீரோடு சென்றுவிடுகின்றன. மணல் இதில் வலுவற்றது. களிமண்ணே பிடித்துவைக்கும் வல்லமை உடையது.

இன்றைய அறிவியல் இதனை அயனிப் பரிமாற்றம் என்று கூறும். களித்துகள்களின் மேற்பரப்பிலும் மட்கிலும் எதிர்மின்சுமை உண்டு. அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் நேர்மின் அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றை வெளியேற்றி மற்றொன்று அமர்கிறது; வேரும் தன்னிடமிருந்து ஓர் அயனியைத் தந்து வேண்டியதைப் பெறுகிறது. மணிச்சத்து சுண்ணாம்போடும் இரும்போடும் சேர்ந்து கரையா நிலை அடைவதால், இட்ட இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. எதிர்மின்சுமை கொண்ட நைட்ரேட் மட்டும் நிற்க இடமின்றி மழைநீரோடு இறங்கி, நிலத்தடி நீரையும் ஓடைகளையும் அடைகிறது.

ஆகவே, லீபிக் அஞ்சியது போலச் சாம்பல்சத்து மழையில் ஓடிப்போவதில்லை. களிப்பாங்கான வயலில் மண்ணே அதனைக் காத்து வைக்கிறது. காப்பதற்காக அவர் எடுத்துக்கொண்ட பெருமுயற்சி முழுவதும் தேவையற்றது; அந்த முயற்சியே உரத்தைக் கெடுத்தது. உருக்கிக் கெட்டிப்படுத்தாமல் வெறும் உப்பாகவே இட்டிருந்தால், மண் அதனைப் பரவலாக வாங்கி வேருக்கு அருகில் வைத்திருக்கும்.

வேயின் விளக்கத்தை லீபிக் தொடக்கத்தில் எதிர்த்தார். 1852இல் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்சிமிலியனின் அழைப்பை ஏற்று அவர் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்திருந்தார். மாணவர்களுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு அங்கே இல்லை. எழுதவும் எண்ணவும் ஓய்வு கிடைத்தது. அங்கே அவர் தாமே மண்ணில் உப்புக் கரைசல்களை வடித்துப் பார்த்தார். பொட்டாஷும் அம்மோனியாவும் மணிச்சத்தும் மண்ணில் தங்கிவிடுவதை 1850களின் இறுதியில் தம் கண்ணாலேயே கண்டார். மண் அவற்றைப் பிடிக்கும் முறை குறித்து வேயோடு அவர் முழுவதும் உடன்படவில்லை. பிடிக்கிறது என்னும் உண்மையை மட்டும் இனி மறுக்க இயலவில்லை.

1862இல் தம் உழவு நூலின் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது, அதன் முன்னுரையில் தம் பிழையை அவர் வெளிப்படையாக எழுதினார். படைத்தவனின் அறிவுக்கு எதிராகத் தாம் பாவம் செய்துவிட்டதாகவும், இயற்கையின் விதிச்சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருப்பதாக எண்ணி, எளிய புழுவாகிய தாம் அதனை நிரப்பப் புகுந்ததாகவும், அதற்குரிய தண்டனையைப் பெற்றதாகவும் அவர் குறிப்பிட்டார். எதிர்ப்போரைச் சொல்லால் சுட்ட பேனா அது. அதே பேனாவால், அறுபதை எட்டும் வயதில், உலகமே அறிய இவ்வாறு எழுத அவர் கூசவில்லை. தழைச்சத்து குறித்து மட்டும் லாஸ், கில்பர்ட் இருவருக்கும் அவர் இறுதிவரை இறங்கிவரவில்லை.

நகரமும் வயலும்

அந்த ஏழாம் பதிப்பில் வேறொரு குரலும் ஒலித்தது. எடுத்ததைத் திருப்பித் தராத உழவைக் கொள்ளை உழவு என்று லீபிக் கடிந்தார். அவர் கண்ணுக்கு இங்கிலாந்தே அதன் சான்றாகத் தெரிந்தது. அந்நாடு ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களிலிருந்து எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தன் வயல்களுக்கு இடுவதாக அவர் குற்றம்சாட்டினார். பெரு நாட்டுத் தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்திருந்தது. குவானோ எனப்பட்ட அவ்வுரமும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அவ்வளவையும் உண்டு விளைந்த தானியம் நகரத்தாரின் வயிற்றுக்குச் சென்றது. அங்கிருந்து கழிவாகத் தேம்ஸ் ஆற்றில் கலந்து கடலுக்குப் போயிற்று. வயலிலிருந்து நகரத்திற்கு ஒருவழிப் பாதையே இருந்தது. திரும்பி வரும் வழி அடைபட்டுக் கிடந்தது.

லண்டன் மாநகரின் புதிய சாக்கடைகள் கட்டப்பட்டு வந்த காலத்தில், அக்கழிவை நிலத்திற்குப் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தி 1865இல் அந்நகரத் தலைவருக்கு அவர் மடல்கள் எழுதினார். ஜப்பான் சென்று திரும்பிய ஹெர்மன் மாரோன் என்னும் உழவியல் அறிஞர், அந்நாட்டு உழவர்கள் மனிதக் கழிவையும் வீணாக்காது வயலுக்கே சேர்ப்பதை விளக்கி அளித்த அறிக்கையைத் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். லீபிக்கின் இந்தப் பகுதியைப் படித்தவர்களுள் கார்ல் மார்க்சும் ஒருவர். 1867இல் வெளிவந்த தம் மூலதன நூலில், நகரத்திற்கும் நிலத்திற்கும் இடையே நேர்ந்த பிளவைப் பற்றி எழுதும்போது லீபிக்கை அவர் பாராட்டினார்.

லீபிக்கின் பிற பணிகள் பல. குளோரோபார்மை முதலில் கண்டவர்களுள் அவர் ஒருவர். கண்ணாடியில் வெள்ளி பூசி ஆடி செய்யும் முறையை வகுத்தார். இறைச்சிச்சாறு செய்யும் அவருடைய முறையைக் கொண்டு, உருகுவே நாட்டின் ஃப்ரே பெந்தோஸ் நகரில் 1860களில் பேராலை ஒன்று எழுந்தது. தோலுக்காகக் கொல்லப்பட்ட மாடுகளின் இறைச்சி அங்கே வீணாகி வந்ததே அதற்குக் காரணம். அவர் நம்பிய அளவுக்கு அச்சாறு சத்துடையது அன்று. விற்பனைக்கு மட்டும் குறைவில்லை.

1873ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் மியூனிக் நகரில் நுரையீரல் அழற்சியால் அவர் மறைந்தார், அகவை அறுபத்தொன்பது. கீசன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காவற்கூடமாக இருந்த அந்த ஆய்வுக்கூடம் 1920 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அவரோடு தீராமல் போன வினாக்கள் பின்னர் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. தீவனப்பயிரான குளோவரும் பயறு வகைகளும் உரமின்றியே செழிப்பது எதனால் என்பதை 1880களில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் கண்டறிந்தனர். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. தழைச்சத்து காற்றிலிருந்து வருகிறது என்னும் லீபிக்கின் கூற்றில் இவ்வளவு உண்மை இருந்தது. கோதுமைக்கு அது பொருந்தவில்லை. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவு ஆலை காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியாவைச் செய்யத் தொடங்கியபின், தழைச்சத்துக்குப் பஞ்சமில்லாமற் போயிற்று. மிகுதியாக இட்டது எங்கே போகிறது என்னும் கேள்வி அப்போது புதிதாகத் தோன்றியதன்று. பிராட்பாக் வயலின் பட்டைகளுக்கு அடியில் 1849இல் பதிக்கப்பட்ட வடிகால் குழாய்களின் நீரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆய்ந்திருந்தனர். அம்மோனியா உப்பை எவ்வளவு கூடுதலாக இட்டார்களோ, அவ்வளவு கூடுதலாக நைட்ரேட் அந்நீரில் வெளியேறியது. பொட்டாஷும் மணிச்சத்தும் மிகச் சிறிதளவே வந்தன.

அவ்வயலில் இன்றும் ஆண்டுதோறும் கோதுமை விதைக்கப்படுகிறது. 1843 முதல் எவ்வித உரமும் பெறாத பட்டை ஒன்று அங்கே உண்டு. அது ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமையை இன்றும் தந்துகொண்டிருக்கிறது.